வரப்பில் விட்ட எறும்புகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் திலகவதிக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வரும் மரப்பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருக்கும் உதிரிபாகங்களில் அடி பட்டிருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்து அடுக்கி வைக்க வேண்டும். அவள் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் சாலமோன் முதலில் சொல்லிக்கொடுத்ததே, பெட்டிக்குள் உயிரோடு ஏதாவது பூச்சியைக் கண்டால் மூடிவிட்டுத் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்பதுதான். சொன்னால் மருந்தடிக்க ஆள் வரும், பாதி நாள் வேலை நிற்கும். அதனால் தேள், பாம்பு தவிர வேறெதையும் யாரும் போய்ச் சொன்னதில்லை.

திலகவதிக்கு முப்பத்தாறு வயது. மாதவரத்தில் கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் போய், ஆரம்பாக்கத்தில் அண்ணன் அன்புசெல்வன் வீட்டோடு வந்து சேர்ந்திருந்தாள். அண்ணனுக்கு வீட்டுக்குப் பின்னாலேயே நெல் வயல். அண்ணி லோகநாயகி நாட்டுக்கோழி வளர்ப்பவள், மனசில் ஒன்று வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேசத் தெரியாதவள். "இது உன் ஊடு. இன்னாத்துக்கு இப்படி ஒதுங்கி ஒதுங்கி நிக்கற?" என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். ஆனாலும் திலகவதி அந்த வீட்டில் இடத்தை அடைக்காமல் வாழப் பழகிவிட்டாள். மற்றவர்கள் பார்க்கும் சீரியலையே பார்ப்பாள். குழம்பில் உப்பு குறைந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். நெல் மூட்டைகள் கிடக்கும் பின்னறையின் ஓரத்தில் அவளுடைய கட்டில்.

ஒரு தை மாதம், மழையில் நனைந்து வந்த பெட்டி ஒன்றைத் திறந்தாள். உள்ளே அட்டை ஊறிப்போயிருந்தது. அதன் மடிப்புக்குள் கொஞ்சம் எறும்புகள். செம்பழுப்பு நிறம். நடுவில் உடம்பு பருத்த ராணி எறும்புகள் சில. சுற்றியிருந்த சின்ன எறும்புகள் வெள்ளை முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு வெளிச்சம் படாத பக்கமாக ஓடின. ஒன்றுகூட முட்டையைப் போட்டுவிட்டு ஓடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், சாலமோனைக் கூப்பிடவில்லை. அட்டையை அப்படியே கிழித்துத் தண்ணீர் பாட்டிலுக்குள் திணித்து, பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவளுடைய பின்னறையில் அவை பிழைத்துக்கொண்டன. போனில் வீடியோ பார்த்து எல்லாம் கற்றுக்கொண்டாள். ஓட்டையில்லாத பழைய மீன் தொட்டி ஒன்றில் மண் நிரப்பினாள். மேல் விளிம்பில் எறும்பு ஏறாமல் வழுக்க, பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துத் தடவினாள். சர்க்கரைத் தண்ணீர், அவித்த முட்டையின் மஞ்சள் கரு, அடித்த கரப்பான்பூச்சி. ஷிப்ட் முடிந்து ரயிலில் வந்து இறங்கியதும் நேரே தொட்டிக்குத்தான் போவாள். கண்ணாடியை ஒட்டி அவை தோண்டிய பாதைகள், முட்டைக்கு ஒரு அறை, குப்பைக்கு ஒரு மூலை. தன் கையால் ஒன்று பெருகுகிறது என்பதை அவள் அதற்கு முன் கண்டதில்லை. அண்ணன் மகள் பூமிகா பள்ளி விட்டு வந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

எறும்பு வளர்ப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்ஆப் குரூப் இருப்பது தெரிந்து அதிலும் சேர்ந்தாள். அங்கே படம் போட்டதும் ரம்யா என்ற பெண் போன் செய்தாள். சென்னையில் பூச்சிகளைப் பற்றி மேல்படிப்பு படிக்கிறவள்.

"அக்கா, இது எங்க கிடைச்சுது?"

"எங்க கம்பெனிக்கு வந்த பெட்டில."

"அப்ப இது நம்ம ஊர் எறும்பு இல்லக்கா. நம்ம ஊர்லயும் பார்க்க இதே மாதிரி நெருப்பெறும்பு உண்டு, ஆனா இது வேற இனம். கடிச்சா கொப்புளம் வரும். ஒரே கூட்டுல பல ராணி இருக்கிறதால சீக்கிரமா பரவும். இதைத் தின்னு அடக்குற எதிரியும் நம்ம மண்ணுல கிடையாது. தயவுசெஞ்சு வெளிய மட்டும் விட்டுடாதீங்க."

"வளக்க முடியலன்னா?"

"தொட்டியோட ஃப்ரீசர்ல வெச்சுடுங்க. வலி தெரியாம தூங்கிடும். கஷ்டம்தான், ஆனா அதுதான் சரி. இப்பவே வெச்சுட்டா இன்னும் நல்லது."

திலகவதி சரி என்றாள். வைக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆனி மாதத்தில் தொட்டி எறும்புகளால் கொதித்துக்கொண்டிருந்தது. ஓவர்டைம் பார்த்த ஒரு வாரம் விளிம்பில் பவுடர் தடவ மறந்துபோனாள். எறும்புகள் இறங்கி, மூட்டைகளின் மேல் விளையாடிக்கொண்டிருந்த பூமிகாவின் காலில் ஏறிவிட்டன. குழந்தையின் கணுக்காலெல்லாம் சீழ் வைத்த கொப்புளங்கள். அன்புசெல்வன் அதிகம் பேசுகிறவனில்லை. மகளின் காலில் மஞ்சளும் எண்ணெயும் தடவிக்கொண்டே, "திலகா, நாளிக்கி நான் வயலாண்டேருந்து வரும்போது அந்தத் தொட்டி இங்க இருக்கக்கூடாது" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். தொட்டி அதற்குள் நுழையாது. கொஞ்சம் கொஞ்சமாக டப்பாவில் எடுத்து வைக்கலாம். ராணிகளை மட்டும் பிடித்து வைத்தாலே போதும். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டியருகே உட்கார்ந்தாள். எறும்புகள் வழக்கம்போலத் தீனி வருகிறது என்று நினைத்து அவள் பக்கம் திரண்டன. டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள்.

தொட்டியை அன்னக்கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வயலைத் தாண்டிப் போனாள். அண்ணன் நிலமும் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் நிலமும் சேருமிடத்தில், மடையை ஒட்டிய வரப்பில் வேலிகாத்தான் புதர் ஒன்று இருந்தது. அதனடியில் தொட்டியைக் கவிழ்த்தாள். முட்டைகளைக் கவ்விக்கொண்டு அவை மண்ணுக்குள் இறங்குவதைக் கடைசிவரை நின்று பார்த்தாள். திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது.

"கொன்னுட்டியா?" என்று அண்ணி கேட்டாள்.

"இல்ல அண்ணி. வுட்டுட்டேன்."

லோகநாயகி அதைப் பெருமையாகவே ஊரில் சொன்னாள். எங்க நாத்தனாருக்கு எறும்பைக்கூடக் கொல்ல மனசு வராது என்று. கெங்கம்மாளும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நல்ல மனசு. புண்ணியம்மா உனக்கு" என்றாள். சில நாள் கழித்து ரம்யா விசாரித்தபோது, "ஃப்ரீசர்ல வெச்சுட்டேன்மா" என்று திலகவதி பதில் அனுப்பினாள். "ரொம்ப கஷ்டமான வேலைக்கா. சரியா செஞ்சீங்க" என்று ரம்யா எழுதினாள். அந்த வரியைத் திலகவதி இரண்டு முறை படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

புரட்டாசியில் லோகநாயகியின் கோழிகள் அடை உட்கார்ந்திருந்தன. கெங்கம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும், புருஷன் இல்லை, ஒரு பசு உண்டு, யார் வீட்டில் எது நன்றாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். அன்றும் வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்து, "அடேங்கப்பா, ஒண்ணுகூட கூமுட்ட இல்ல போலகீதே! எல்லாம் குஞ்சு பொரிச்சுதுன்னா கொட்டா பத்தாதுடி உனக்கு" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

குஞ்சுகள் ஓட்டைக் கொத்தித் துளை போட்டன. துளையோடு நின்றுவிட்டன. மூக்கு மட்டும் வெளியே தெரிய, ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. முட்டைகளில் செம்பழுப்பு எறும்புகள் மொய்த்தன. "செத்ததும் எறும்பு வந்துடுச்சு பாரு" என்றாள் லோகநாயகி. செத்தபின் வரவில்லை, துளை விழுந்ததுமே உள்ளே போயிருக்கின்றன என்பது பார்த்த மாத்திரத்தில் திலகவதிக்குத் தெரிந்தது. அந்த நிறம், வாலைக் குத்தி ஊன்றும் அந்த வளைவு. ஒன்றரை வருஷம் தினமும் பார்த்த எறும்புகள் அவை. முட்டைகளை முறத்தில் வாரிக்கொண்டு போய்க் குழி தோண்டிப் புதைத்தாள்.

அடுத்த கூடையிலும் அப்படியே ஆனது. லோகநாயகி யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள்.

"அந்தக்கா வந்து பாத்துட்டுப் போச்சே, அன்னிக்கே எனக்குத் திக்குன்னுச்சு. அது கண்ணு சும்மா இருக்குமா?"

பகல் சாப்பாட்டுக்குத் திலகவதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். லோகநாயகி வேலியோரம் போய் நின்று கத்தினாள். கெங்கம்மாள் வெளியே வந்து, "நான் இன்னாடி பண்ணன்? நல்லா கீதுன்னு சொன்னது குத்தமா?" என்றாள். வார்த்தை முற்றியது. புருஷன் போனதுவரை இழுத்துப் பேசிவிட்டாள் லோகநாயகி. கெங்கம்மாள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். திலகவதி உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்துக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்து சொல்லலாம். சொன்னால் அண்ணி என்ன செய்வாள்? போகச் சொல்லிவிட்டால் எங்கே போவது? எழவில்லை.

அன்று சாயங்காலம் அடைக்கூடைகளை ஸ்டூலின் மேல் ஏற்றி, ஸ்டூலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினாள். அதற்குப் பிறகு பொரித்த குஞ்சுகள் பிழைத்தன. "அந்தக்கா வாசல்ல வராம போனப்புறம்தான் கோழி தேறிச்சு" என்று லோகநாயகி பால் சொசைட்டியில் சொன்னாள். பெண்கள் தங்கள் மாட்டையும் கன்றையும் கெங்கம்மாளின் கண்ணில் படாமல் ஒதுக்கிக் கட்ட ஆரம்பித்தார்கள். கெங்கம்மாள் பால் ஊற்ற வந்தால் பேச்சு நின்றது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வயலில் தண்ணீர் நிறைந்து, கெங்கம்மாள் மடையைத் திறந்துவிட முழங்காலளவு தண்ணீரில் இறங்கினாள். அவளுடைய அலறல் கேட்டுத் திலகவதி ஓடினாள். தண்ணீரின் மேல் செங்கல் நிறத்தில் நுரைபோல ஒன்று மிதந்து வந்திருந்தது. நுரை இல்லை. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தெப்பம்போல மிதந்த எறும்புகள். அதில் பாதி கெங்கம்மாளின் தொடைமேல் ஏறியிருந்தது. திலகவதி வெறுங்கையால் வழித்து வழித்துப் போட்டாள். கரைக்கு இழுத்து வருவதற்குள் கெங்கம்மாளின் உதடு வீங்கிவிட்டது. மூச்சு சீட்டியடித்தது.

அன்புசெல்வன் பைக்கை எடுத்தான். நடுவில் கெங்கம்மாளை உட்காரவைத்துப் பின்னால் திலகவதி அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மழையில் நெடுஞ்சாலை லாரிகளுக்கு நடுவே புகுந்து கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தபின் மூச்சு சீரானது.

டாக்டர் வெளியே வந்தார். "எது கடிச்சது?"

"எறும்புதான் சார்" என்றான் அன்புசெல்வன்.

"எறும்பு கடிச்சு இந்த அளவுக்கு நான் இங்க பார்த்ததில்லையே. என்ன எறும்பு?"

அன்புசெல்வன் உதட்டைப் பிதுக்கினான். திலகவதி தன் கைகளைப் பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் கொப்புளம்.

"வெளிநாட்டு எறும்பு சார்" என்றாள். "கம்பெனிக்கு வந்த பெட்டிலேருந்து நான்தான் எடுத்தாந்து வளத்தேன். நான்தான் வரப்புல வுட்டேன்."

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். மழையில் போய் பைக்கின் அருகே நின்றுகொண்டான்.

வீட்டில் அண்ணியிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். கோழிக்குஞ்சையும் சேர்த்து. லோகநாயகி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் குரலே எழும்பவில்லை.

"எறும்ப வுட்டது போவட்டும். குஞ்சு செத்ததும் போவட்டும். நான் அந்தக்காவ தாலியறுத்தவன்னு பேசனேனே திலகா. நீ வெங்காயம் உரிச்சிக்கினு குந்தியிருந்தியே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் வாயி நின்னுருக்குமே."

திலகவதிக்கு அழுகை வந்தது. அழுதால் அண்ணி ஆறுதல் சொல்ல வந்துவிடுவாளோ என்று பயந்து அடக்கிக்கொண்டாள். வீட்டை விட்டுப் போகும்படி யாரும் சொல்லவில்லை. இத்தனை நாள் அதற்குப் பயந்துதான் வாயை மூடியிருந்தாள் என்பதை நினைக்கத் தனக்கே கூசியது.

கெங்கம்மாள் வீடு திரும்பியதும் அவளைப் பார்க்கப் போனாள். கெங்கம்மாள் பசுவுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலேயே விஷயம் அவள் காதுக்குப் போயிருந்தது.

"தெரியாம பண்ணிட்ட. வுடு" என்றாள் நிமிராமல்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டிருக்கலாம். "தெரியாம இல்லக்கா" என்றாள் திலகவதி. "வெளிய வுடக்கூடாதுன்னு படிச்ச பொண்ணு ஒண்ணு சொல்லிச்சு. கேக்கல. கோழி செத்ததும் அதாலதான்னு அன்னிக்கே தெரியும். பயந்துக்கினு சொல்லல."

கெங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என் காலு ஆறிடும். ஊருல கண்ணு போடறவன்னு பேரு வாங்கிட்டேனே, அதுக்கு இன்னா மருந்து வெச்சிக்கீற?"

மறுநாள் விடியற்காலை பால் சொசைட்டியில் பெண்கள் வரிசையில் நிற்கும்போது திலகவதி போனாள். கெங்கம்மாளும் கேனோடு நின்றிருந்தாள். நடந்ததையெல்லாம் திலகவதி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். முதலில் யாருக்கும் புரியவில்லை. ஒருத்தி சிரித்தாள். "எறும்ப போயி யாராவது வளப்பாங்களா?" என்றாள் இன்னொருத்தி. சொல்லி முடிக்கும்வரை கெங்கம்மாள் இவள் பக்கம் திரும்பவில்லை. லோகநாயகிதான் பின்னாலிருந்து வந்து, "நான் பேசனது தப்புக்கா" என்று கெங்கம்மாளின் கேனை வாங்கிக்கொண்டாள். வாங்கியதைக் கெங்கம்மாள் தடுக்கவில்லை.

ரம்யாவுக்குப் போன் செய்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"ஃப்ரீசர்ல வெச்சேன்னு சொன்னீங்களேக்கா?"

"பொய் சொன்னேம்மா."

"குரூப்ல புதுசா வர்றவங்க கிட்ட உங்களைத்தான் சொல்லுவேன். மனசு கேக்கலன்னாலும் பொறுப்பா செஞ்சாங்கன்னு" என்றாள் ரம்யா. திட்டியிருந்தால் திலகவதி தாங்கியிருப்பாள்.

ரம்யா தன் பேராசிரியரையும் இன்னும் சிலரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். வரப்புகளில் புற்று புற்றாக அடையாளக் கொடி நட்டுக்கொண்டே போனார்கள். புதரடியில் இருந்த ஒரு கூடு பல இடங்களுக்குப் பிரிந்து போயிருந்தது. கெங்கம்மாளின் நிலத்தில்தான் அதிகம். ஸ்டோர்ஸிலும் திலகவதி போய்ச் சொன்னாள். சாலமோன் தலையில் கைவைத்துக்கொண்டார். கிடங்கு முழுக்க மருந்தடித்தார்கள். அவளுக்கு மெமோ கொடுத்து, பெட்டி திறக்கும் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேன்டீனில் ஆட்கள் அவளைப் பார்த்து விரலால் கையைச் சொறிந்து காட்டிச் சிரித்தார்கள்.

புற்றுகளுக்கு விஷத்தீனி வைக்க வேண்டியிருந்தது. எண்ணெயில் ஊறிய குருணை. வேலைக்கார எறும்புகள் தின்னாமல் எடுத்துப்போய் ராணிக்கு ஊட்டும், ராணி செத்தால் கூடு அழியும் என்று ரம்யா விளக்கினாள். தானே வைப்பதாகத் திலகவதி கேட்டு வாங்கிக்கொண்டாள். மழை இடைவெளி விட்ட ஒரு நாளில் புற்றோரம் குருணையைத் தூவிவிட்டுக் குந்தினாள். எறும்புகள் வந்தன, மோந்தன, ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடின. முன்பு மஞ்சள் கருவுக்கு ஓடியதைப் போலவே.

கொஞ்சம் தள்ளி ஊர்க் கட்டெறும்புகளின் சாரை ஒன்று போனது. அவற்றில் சிலவும் குருணையைத் தூக்கின.

"அதுங்களும் சாவுமா?" என்று பக்கத்தில் நின்ற ரம்யாவிடம் கேட்டாள்.

"சிலது சாகும்க்கா. இது எந்த எறும்புன்னு பார்த்துக் கொல்லாது."

தொட்டியிலிருந்த ராணிகளை ஒரு டப்பாவில் போட்டு மூட மனசு வராதவள், அந்த வாரம் முழுக்க வரப்பு வரப்பாக நடந்து விஷம் வைத்தாள். இரக்கப்பட்டுத்தான் விட்டோம் என்று இத்தனை மாதம் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் காலை டப்பாவைக் கீழே வைத்தபோது இரக்கமும் இருந்ததுதான். ஆனால் அதைவிட, தன் கையால் ஆகவேண்டியதைச் செய்யாமல் நழுவிவிடலாம் என்ற ஆசைதான் பெரிதாக இருந்தது. இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் யாராவது நல்ல மனசு என்று சொல்லிவிடுவார்கள்.

கூடுகள் பெரும்பாலும் ஓய்ந்தன. எல்லாம் போய்விட்டது என்று ரம்யா சொல்லவில்லை. ரயில் பாதை மேட்டுக்குத் தாண்டியிருந்தால் சொல்ல முடியாது, இரண்டு மழைக்காலமாவது பார்க்க வேண்டும் என்றாள். அடுத்த நடவுக்குக் கூலிப் பெண்கள் அந்த மடையோரத் துண்டில் இறங்க மறுத்தார்கள். அன்புசெல்வனும் திலகவதியும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கி அதை நட்டார்கள். கெங்கம்மாள் நிலத்தின் ஓரத்தையும் சேர்த்து. நடும்போது அண்ணன் ஒரே ஒரு முறைதான் பேசினான். "குனிஞ்சே இருக்காத, இடுப்பு புடிச்சிக்கும்."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் திலகவதி குருணை டப்பாவோடு வரப்புகளைச் சுற்றி வருகிறாள். கெங்கம்மாள் அவளோடு பழையபடி பேசுவதில்லை. எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டுப் போகிறாள். ஆனால் போன வாரம் புல் அறுத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்றாள்.

"ஏ திலகா, இங்க ஒரு புத்து கீது" என்று கூப்பிட்டாள்.

திலகவதி வரப்பில் ஓடினாள்.